முப்பத்தேழாவது வயிறு

செப்டம்பர் 12, 2023. செவ்வாய்

மழை. வார்டில் நாலே பேர். டாக்டர் விலியாமு ஸ்கேன் கருவியைத் தலைநகர் ஆப்பியாவிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். முகச்சவர மெஷின் அளவுதான் இருக்கிறது. வயரைப் போனில் செருகினால் போதும், படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே வயிற்றுக்குள் பார்த்துவிடலாம். இதற்காகத்தான் என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர், அவரும் பாதி நாள் இருக்க மாட்டார். குழந்தைக்குக் குடல் அடைத்துக்கொண்டால் கண்டுபிடிக்க இங்கே வழியே இல்லாமல் இருந்தது.

“நோயைத் தேடாதீங்க மகெரிட்டா. முதல்ல நல்ல வயிறா முப்பது பாருங்க. அது கண்ணுல பழகினாத்தான் மத்தது தனியாத் தெரியும்” என்றார்.

புது நோட்டு ஒன்று எடுத்து, 1 என்று போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 13

1. என் வயிறு. உள்ளே பாதி ரொட்டி, மீதி கவலை.

செப்டம்பர் 16. சனி

ஒன்பது ஆகிவிட்டது. சளிக்கும் சிரங்குக்கும் வருகிற பிள்ளைகளைக்கூட விடுவதில்லை, ஒரு மிட்டாய் கொடுத்துப் படுக்கவைத்து விடுகிறேன்.

குழந்தையின் குடல் சும்மா இருப்பதே இல்லை. சாம்பல் வெளிச்சத்தில் மெதுவாகச் சுருங்குகிறது, விரிகிறது, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. குடலில் இருக்கும் காற்று குறுக்கே வந்தால் மட்டும் எல்லாம் போச்சு, வெள்ளையாக ஒரு கோடு, அதற்குக் கீழே இருட்டு. காத்திருந்தால் காற்று நகரும், மறுபடி அந்த உலகம் வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அங்கே போய்விடுகிறேன். இன்று ஒரு குழந்தையின் தகப்பன் என் தோளைத் தட்டி, “உள்ள என்ன சிஸ்டர், படமா ஓடுது?” என்று கேட்டபோதுதான் திரும்பி வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள். இப்போது அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

செப்டம்பர் 24. ஞாயிறு

கோயில் முடிந்து சாப்பாடு எங்கள் வீட்டில். என் வீட்டுக்காரர் லேவியின் தங்கை பெலெனிசே வந்திருந்தாள். என் நாத்தனார், என் வகுப்புத் தோழி, என் தொழில் எதிரி, மூன்றும் அவளே.

எங்கள் ஊரில் யாருக்கு வயிறு வலித்தாலும் தோஆலா ஏறிவிட்டது என்பார்கள். தோஆலா என்பது வயிற்றுக்குள் ஒரு துடிப்பு, தொப்புளுக்குக் கீழே அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டியது. மனம் கெட்டாலோ பட்டினி கிடந்தாலோ மேலே ஏறிவிடும். எண்ணெய் போட்டு நீவி இறக்க வேண்டும். நீவுவதில் பெலெனிசேயை மிஞ்ச எங்கள் சவாயித் தீவில் ஆள் இல்லை என்று பேச்சு. எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு பாதிப் பேர் நேரே அவள் வீட்டுக்குத்தான் போகிறார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இன்று லேவி சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து கிடந்தார். அவர் வயிற்றில் மூன்று விரலை அழுத்தி, “இதோ, துடிக்குது பாருங்க அண்ணி. இதுதான்” என்றாள். நான் விடுவேனா? கருவியை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தேன். முதுகெலும்பை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய், டம் டம் என்று.

“இது ரத்தக்குழாய்டி. எல்லாருக்கும் இருக்கு.”

“இருக்குன்னுதானே நானும் சொல்றேன். உங்களுக்குப் பாக்க மெஷின் வேணும், எனக்கு விரல் போதும்.”

ரெண்டு பேரும் என் வயிற்றை விட்டு எழுந்திருங்கள், ஐஸ்கிரீமுக்கு இடம் வேண்டும் என்றார் லேவி. ஆனால் பெலெனிசே எழுந்திருக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கும் இப்படித்தான் துடிக்குமா என்று கேட்டாள். துடிக்கும், இன்னும் வேகமாக என்றேன்.

நோட்டில் 18. லேவி.

அக்டோபர் 3

கனவு. கடல் முழுக்கச் சாம்பல் நிறம். நான் கருவியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடக்கிறேன், கீழே எல்லாம் மூச்சு விடுகிறது. யாரோ கூப்பிடுகிறார்கள். இதோ வருகிறேன், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு என்கிறேன்.

அக்டோபர் 7. சனி

31. விலியாமு சொன்ன கணக்கு முடிந்தது. அவர் பண்டிகைக்கு ஆப்பியா இருக்கிற உப்போலுத் தீவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார், செவ்வாய்தான் வருவார். நாளை வெள்ளை ஞாயிறு. தெரு முழுக்கக் கொடியில் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள் காய்கின்றன. நாளை ஒரு நாள் பிள்ளைகள்தான் ராஜா. அவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் பெரியவர்கள் சாப்பிட வேண்டும்.

அக்டோபர் 8. ஞாயிறு

காலையில் கோயிலில் பிள்ளைகள் வசனம் சொன்னார்கள். பாதிப் பேர் மறந்துபோய் அழுதார்கள், மீதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் வசனத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அழகோ அழகு.

மத்தியானத்துக்கு மேல் நான் ஒருத்திதான் பணியில். ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதுதான்: பன்றிக்கறி, தேங்காய்ப்பாலில் வெந்த இலை, சேமியா, ஐஸ்கிரீம், மறுபடி கறி. அப்புறம் வாந்தி. ஆறு பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து வயிறு பார்த்தேன், ஐந்திலும் மிஞ்சித் தின்றதுதான், நோட்டில் சாப்பாடு என்று குறித்தேன். ஆறாவது எங்கள் ஊர் லித்தாராவின் மகள் தைமனே, இரண்டரை வயது. காலையில் ஒற்றை வரி வசனத்தைக் கத்திச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள். இரண்டு தடவை வாந்தியாம், கால்களை மடக்கிக்கொண்டு கத்தினாளாம். நான் பார்க்கும்போது அம்மா தோளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், சட்டையில் ஐஸ்கிரீம். எழுப்ப மனம் வரவில்லை. தண்ணீர் கொடுங்கள், காலையில் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன். வெளியே சாயங்காலப் பாட்டு ஆரம்பித்திருந்தது.

32 முதல் 37 வரை. நல்ல நாள்.

அக்டோபர் 9. திங்கள்

கப்பலில். கை ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் அவளைப் பார்க்கவே இல்லை. நோட்டில் “37. தைமனே. சாப்பாடு” என்று எழுதியிருக்கிறேன். கருவியை வைக்காமலே. எதுக்குடி எழுதினே? யாரு கேட்டா உன்கிட்ட?

முதலிலிருந்து எழுதுகிறேன். தைமனே ராத்திரி முழுக்க அழுவதும் தூங்குவதுமாக இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சாப்பாடு என்று சொன்னார்கள், சாப்பாடு இறங்கவில்லை, அப்படியானால் தோஆலா ஏறியிருக்கிறது என்று லித்தாரா விடிந்ததும் பெலெனிசே வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அவள் அப்படி நினைத்ததில் என்ன தப்பு? நினைக்க வைத்தவள் நான்.

எட்டு மணிக்கு என் அறைக்குள் வந்தது பெலெனிசே. கையில் எண்ணெய்கூடக் காயவில்லை. பின்னால் லித்தாரா, குழந்தையோடு.

“நான் நீவலை அண்ணி. தொட்டேன், கையை எடுத்துட்டேன். உள்ள ஒண்ணு இருக்கு. அது துடிக்கலை.”

குழந்தையின் உதடு காய்ந்திருந்தது. வாந்தி பச்சையாக வந்திருந்தது. படுக்கவைத்து ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எங்கே வைத்தாலும் காற்று, வெள்ளைக் கோடு, இருட்டு. அவள் கத்துகிறாள், வயிறு பலகையாகிறது, நான் இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். முப்பத்தாறு வயிறு பார்த்து என்ன புண்ணியம்? பெலெனிசே என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலது விலாவுக்குக் கீழே கொண்டுபோனாள். “இங்க. அழுத்தாதீங்க. அவ மூச்சு விடட்டும்.”

குழந்தை மூச்சு விட்டாள். காற்று நகர்ந்தது. அங்கே இருந்தது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல வளையத்துக்குள் வளையம். குடல் தனக்குள்ளேயே நுழைந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் எல்லாம் அசைகிறது, அது மட்டும் அசையவில்லை. ஒரு கணம், கடவுளே, அது அழகாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆப்பியாவுக்குப் போன். அறுவை டாக்டர் தாஃபுனா எக்ஸ்ரே எங்கே என்றார். இன்று பண்டிகை விடுமுறை, எடுப்பவர் இல்லை என்றேன். அப்படியானால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். திரையில் பதிவான வீடியோவை அனுப்பினேன்.

“முப்பத்தாறு நல்ல வயிறு பாத்திருக்கேன் டாக்டர். இது எதோடயும் சேரலை.”

முப்பத்தாறு. சரியாகத்தான் சொன்னேன், அப்போதாவது.

“பாத்தேன். அடுத்த கப்பல்ல ஏறுங்க. வாய்வழியா ஒண்ணும் குடுக்காதீங்க.”

துறைமுகத்தில் வண்டி வரிசை ஊர் எல்லையைத் தொட்டது. பண்டிகை முடிந்து உப்போலுவுக்குத் திரும்பும் கூட்டம், எல்லா வண்டியிலும் மீந்த சோற்றுக் கூடை. லேவிக்கு அங்கேதான் வேலை, வண்டிகளை ஏற்றி அடுக்குவது. எங்கள் ஆம்புலன்ஸைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார். முன்னால் நின்ற வண்டிகள் பின்னால் போயின, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தைமனே இப்போது தூங்குகிறாள். வலி போய் வருகிறது, நடுவில் அப்படியே தூங்கிவிடுகிறாள். நேற்று நான் பார்த்தது இந்தத் தூக்கத்தைத்தான். ரத்த ஓட்டத்தைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டும் பொத்தானை அமுக்கி மறுபடி வைத்துப் பார்த்தேன். வெளி வளையத்தில் நிறம் மினுக்குகிறது. இன்னும் ரத்தம் ஓடுகிறது. கடல் எங்களை ஆட்டுகிறது, திரை ஆடுகிறது, அந்த நிறம் இருக்கிறது, இல்லை, இருக்கிறது. இதே கடல்தான் கனவில் வந்தது. யாரோ கூப்பிட்டார்களே.

லித்தாரா கேட்டாள், “நேத்து இதை வெச்சுப் பாக்கவே இல்லைதானே அக்கா?”

இல்லை என்றேன்.

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே நாள், சாயங்காலம்

ஆப்பியா ஆஸ்பத்திரியில் பின்வழியாக உப்புநீரை மெல்ல ஏற்றித் தள்ளிப் பார்த்தார்கள். தாஃபுனா என்னையே கருவியைப் பிடிக்கச் சொன்னார். வளையம் நகர்ந்தது, பாதி தூரம் வந்தது, நின்றது. மறுபடி. அதே இடம். மூன்றாம் தடவை வேண்டாம் என்று அறுவை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அக்டோபர் 10

உயிரோடு இருக்கிறாள். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

நேற்று முன்தினம் சாயங்காலமே வந்திருந்தால் என்று தாஃபுனாவிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “தண்ணியே போதுமா இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது” என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 11

நோட்டில் 37-ஐ அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். பேனாவால் எழுதியிருக்கிறேன். நல்லதுதான், இருக்கட்டும்.

அக்டோபர் 15. ஞாயிறு

விலியாமு அறிக்கை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், மறைக்காமல். எல்லாருக்கும் நடக்கும் என்கிறார். வெள்ளை ஞாயிறு அன்று யாராக இருந்தாலும் சாப்பாடு என்றுதான் சொல்லியிருப்பார்களாம். அதுதானே சங்கடம். யாராக இருந்தாலும் சொல்வதைச் சொல்ல என் கையில் கருவி எதற்கு?

தைமனேயின் அப்பா இயோசேஃபோ ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கடந்து போனதை நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். நான் ஒரு மரம் என்பதுபோலக் கடந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

பெலெனிசே வந்தாள். நான்தான் சொன்னேனே என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. அண்ணனிடம்தான் பேசினாள். “அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினது நம்ம வீடு. நம்ம வீடுதான் போய்த் தலைகுனியணும்.”

லேவி தலையை ஆட்டினார். எங்கே போக வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

அக்டோபர் 19

தைமனே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். தத்தித் தத்தி நடக்கிறாளாம். கேள்விப்பட்டது மட்டும்தான்.

அக்டோபர் 21. சனி

போய்விட்டு வந்தோம்.

இருட்டு பிரியுமுன்பே கிளம்பினோம், லேவி, பெலெனிசே, நான். கையில் என் கல்யாணத்துக்கு வந்த மெல்லிய பாய், வீட்டிலேயே உசத்தி அதுதான். இயோசேஃபோ வீட்டு முற்றத்தில், கூழாங்கல் மேல், மூன்று பேரும் தலை குனிந்து உட்கார்ந்தோம். லேவி பாயை எங்கள் தலைமேல் போர்த்தினார். எங்கள் ஊரில் பெரிய தப்புக்கு மன்னிப்பு கேட்பது இப்படித்தான். இனி நாங்கள் பேசக் கூடாது. அந்த வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னித்தார்கள் என்று அர்த்தம். எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அடிக்கவும் செய்யலாம், அந்தக் காலத்தில் அடித்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விடிய விடியப் பாயின் பின்னல் வழியாக வெளிச்சம் பொடிப்பொடியாக வந்தது. சாம்பல் நிறம். வெளியே உருவங்கள் அசைந்தன. சேவல், விறகு முறியும் ஓசை, யாரோ இருமுவது. இத்தனை நாள் நான் வெளியே இருந்து பார்த்தேன், இப்போது உள்ளே இருப்பவள் நான் என்று தோன்றியது. பார்ப்பவர்கள் பார்க்காமல் போய்விட்டால்? சும்மா தூங்குகிறாள் என்று விட்டுவிட்டால்? முட்டியில் கல் குத்தியது. பெலெனிசேயின் விரல் என் விரலைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. எண்ணெய் வாசனை. அழுதேன். சத்தம் வராமல்தான், ஆனால் நன்றாக அழுதேன்.

வெயில் முதுகில் சுட்டது. பாயை எடுக்க வேண்டியது வீட்டுப் பெரியவர். எடுத்தது லித்தாரா.

“எந்திரிங்க அக்கா. கொக்கோ ஆறிடும்.”

உள்ளே உட்கார்ந்து குடித்தோம். லேவி சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய முறையில் சொன்னார். நான் என் வாயால் சொன்னேன்: வைக்காமலே வைத்ததாக எழுதினேன் என்று. நோட்டைக் கொண்டுபோயிருந்தேன், அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தைமனே வந்து என் மடியில் இருந்த நோட்டில் விரலை வைத்து எச்சில் பண்ணினாள். இயோசேஃபோ கோப்பையைக் கீழே வைக்கும் வரை என் பக்கம் பார்க்கவில்லை.

“இனிமே பாப்பீங்களா?”

“பாப்பேன்.”

“தூங்கினாலும்?”

“எழுப்பியாவது பாப்பேன்.”

அவர் தலையை ஆட்டினார். பாயை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதுதான் சரி.

நவம்பர் 29

பெலெனிசே வீட்டுக்கு வருகிற பிள்ளைகளில் அவள் விரலுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் அனுப்புகிறாள். சீட்டு எழுதமாட்டாள். குழந்தையின் வயிற்றில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. இன்றைய புள்ளி வெறும் மலச்சிக்கல். சொல்லி அனுப்பினேன். மெஷினுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. 70.

மார்ச் 4, 2024

கருவி நாலு நாளாக வேலை செய்யவில்லை. வயர். கை வெறுமையாக இருக்கிறது. 161-இல் நிற்கிறேன்.

அக்டோபர் 13, 2024. ஞாயிறு

வெள்ளை ஞாயிறு. தைமனேக்கு இந்த வருஷம் மூன்று வரி வசனம். இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதை இரண்டு தடவை சொன்னாள்.

மத்தியானத்திலிருந்து பிள்ளைகள் வந்தபடி இருந்தார்கள். அதே கறி, அதே ஐஸ்கிரீம், அதே வாந்தி. எல்லாரையும் படுக்கவைத்தேன். இரண்டு பேரை எழுப்பினேன், ஒருவன் என் கையைக் கடித்தான்.

சாயங்காலப் பாட்டு ஆரம்பிக்கும்போது வாசலில் இயோசேஃபோ. தோளில் தைமனே, தூங்கிக்கொண்டு, சட்டையெல்லாம் கறை. ஒரு தடவை வாந்தியாம். அறுத்துத் தைத்த வயிற்றில் குடல் மறுபடி சிக்கலாம், அது எனக்குத் தெரியும், அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவர் கட்டிலில் கிடத்திவிட்டுத் தள்ளி நின்றார்.

எழுப்பினேன். அழுதாள். ஜெல்லைக் கையில் சூடுபண்ணித் தடவினேன். தழும்புக்கு மேலே, கீழே, வலது விலா, இடது பக்கம், மறுபடி வலது விலா. காற்று வந்தது, காத்திருந்தேன், போனது. அவளும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். எல்லாம் மெதுவாகச் சுருங்கி, விரிந்து, புரண்டு படுத்தன. ஒன்றுகூடச் சும்மா இருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தேன். இயோசேஃபோ அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் போன பிறகு நோட்டை எடுத்து எழுதினேன்.

412. தைமனே. சாப்பாடு.